ஊர் கேட்ட நாடி

கடலும் கழியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கிடக்கும் சிப்பிமேட்டில், மாசி மாதத்து விடியற்காலை ஒன்றில், பால்காரன் சைக்கிள் இன்னும் தெருவுக்குள் நுழையாத நேரத்தில், தேசிங்கு பெண்டாட்டி பூங்காவனம் வாசலில் குந்திக் காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, அவளுடைய நெஞ்சின் சத்தம் அவளை விட்டு இறங்கித் தெருவில் நடக்க ஆரம்பித்தது. டொக், டொக், டொக் என்று அது கோழிக்கூண்டைத் தாண்டி, மின்கம்பத்தைத் தாண்டி, கெங்கையம்மன் கோயில் மதிலில் ஒருமுறை முட்டித் திரும்பி, வலை காயப்போட்ட மணலையும் கடந்து கடலுக்குள் இறங்கிப் போனது. கையிலிருந்த மீனைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் பூங்காவனம் அது போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டிலிருந்து தனபாக்கியம் சாணித்தண்ணீர் வாளியோடு வெளியே வந்தாள். தேசிங்குக்கு மூத்தவள், பூங்காவனத்துக்கு நாத்தனார்.

"இன்னாடி பூங்காவனம், பொழுது விடியறதுக்குள்ள உலக்கையப் புடிச்சுட்ட?"

"உலக்கை இல்ல அண்ணி. நான்தான்."

"ஓ" என்றாள் தனபாக்கியம். வாசல் தெளித்தாள், கோலம் போட்டாள், உள்ளே போனாள். கடலுக்குப் போனவன் திரும்பி வராததற்கே அதிகம் ஆச்சரியப்பட்டுப் பழகாத ஊர், நெஞ்சுச் சத்தம் தெருவில் போனதற்கா மூக்கில் விரல் வைக்கப் போகிறது?

சத்தம் புதிது இல்லை, அது வெளியே வந்ததுதான் புதிது. சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் பூங்காவனத்தின் நெஞ்சுக்குள் இருந்த கதவு ஒன்றை அரித்துத் தின்றுவிட்டுப் போயிருந்தது. மகள் காவேரி பிறந்த பிறகு நாலு எட்டு வைத்தாலே மூச்சு இரைக்க, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் மார்பைப் பிளந்து அந்த இடத்தில் இரும்புக் கதவு வைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அது அவளுக்குள் திறந்து மூடித் திறந்து மூடி டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. "பொண்ணு கேட்டேன், கடியாரத்தக் கட்டி வெச்சுட்டாங்க" என்று தேசிங்கு கேலி பேசுவானே தவிர, அந்தச் சத்தம் பக்கத்தில் இல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் பிடிக்காது. இரும்பைக் கண்டால் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டிக்கொண்டால் கதவு திறக்காதாம். அதனால் ரத்தத்தை உறைய விடாமல் வைத்திருக்க ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, தினமும் பொழுது சாய, உயிர் உள்ள மட்டும். விளக்கேற்ற மறந்தாலும் மாத்திரையை மறக்காதே, கீரையை அள்ளித் தின்னாதே, கீரை மாத்திரைக்குப் பகை என்று சொல்லியிருந்தார்கள். காவேரி வளர்ந்து, படித்து, கட்டிக்கொடுத்து ஓசூர் பக்கம் போய்ச் சேர்ந்தாள். மாத்திரை மட்டும் நிற்கவில்லை.

அந்த மாத்திரை சொன்ன வேலையைச் செய்ததோடு சொல்லாத வேலை ஒன்றையும் இருபது வருஷத்துக்கு மேலாகச் செய்துகொண்டிருந்தது. சத்தம் வெளியே வந்த அந்த வாரம் தேசிங்கு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, நாடி ஓடும் இடத்தில் விரல் நகத்தால் தட்டிப் பார்த்தான். சின்னப் பிள்ளையிலிருந்து கழியில் முங்கிக் கிளிஞ்சல் அரித்துச் சுண்ணாம்பு சுடும் காளவாய்க்குப் போட்டவன் அவன்.

"ஓடு கட்டுது பூங்கா" என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நூர்நிஷா படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். எலும்புகளுக்கு நடுவே, இலை கொட்டிய மரம் மாதிரி, பூங்காவனத்தின் ரத்தக்குழாய்கள் அத்தனையும் வெள்ளைவெளேரென்று கிளைவிட்டு நின்றன.

"பூராவும் சுண்ணாம்பு" என்றார் டாக்டர். "கீரையில ஒரு சத்து இருக்கும்மா. அது உடம்புல ரெண்டு வேலை பாக்குது. ரத்தத்த உறைய வைக்கிறது ஒண்ணு. சுண்ணாம்ப எலும்போட நிறுத்தி, ரத்தக்குழாய்ல படிய விடாம காவல் காக்கிறது இன்னொண்ணு. ரத்தம் உறையக் கூடாதுன்னு நாம மாத்திரையால அதோட கையக் கட்டிப் போட்டிருக்கோம். கையக் கட்டினா காவலும் போச்சு. எல்லாருக்கும் இவ்வளவு ஆகாது. உங்களுக்கு ஆயிருக்கு."

"அப்ப மாத்திரைய நிறுத்திட்டா?" கூடப் போயிருந்த தனபாக்கியம்தான் கேட்டாள்.

"கதவுல ரத்தம் கட்டிக்கும். உயிருக்கே ஆபத்து."

"நிறுத்தாட்டி?"

"கொஞ்சம் கொஞ்சமா கல்லாயிட்டே போகும்."

வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் அத்தனை பேரும் தங்களுக்கே தெரியாமல் பூங்காவனத்தின் சத்தத்துக்குக் கால் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சத்தம் எதனால் என்று தேசிங்கு கேட்டான். கதவு அடிக்கிற அடியைச் சுண்ணாம்புக் குழாயெல்லாம் சங்கு மாதிரி வாங்கி ஊதுகிறது போல என்று சொல்லிவிட்டு, டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

காரணம் அவ்வளவுதான். ஊர் அந்தச் சத்தத்தை எடுத்து வைத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைத்தான் விரித்துச் சொல்ல வேண்டும். முதலில் கரைவலை இழுக்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஏலேலோ போட்டு இழுத்த காலமெல்லாம் ஆளுக்கொரு பக்கம் திமிறின வலை, பூங்காவனத்தின் டொக்குக்கு ஒரு இழுப்பு டொக்குக்கு ஒரு இழுப்பு என்று இழுத்தபோது பசுமாடு மாதிரி சொன்ன பேச்சுக் கேட்டுக் கரையேறியது. பிறகு தொட்டில் ஆட்டுகிற தாய்மார்கள் எடுத்துக்கொண்டார்கள், மாவு இடிக்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை அதன்மேல் ஏற்றிச் சொன்னார்கள், சாராயம் குடித்துவிட்டு மணலில் விழுந்து கிடக்கிறவன்கூட அதைப் பிடித்துக்கொண்டே எழுந்து வீடு போய்ச் சேர்ந்தான். பங்குனியில் ஒரு காலை, காலம் தப்பி வந்த மூடுபனி ஒன்று கடல்மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றபோது, உள்ளே மாட்டிக்கொண்ட படகுகள் எல்லாம் அந்தச் சத்தத்துக்கு மூக்கைத் திருப்பி, ஒன்றன்பின் ஒன்றாக, கயிறு கட்டி இழுத்த மாதிரி கரைக்கு வந்தன. தனபாக்கியத்தின் ஒரே மகன் முருகையன் அதில் ஒரு படகில் இருந்தான். அவள் புருஷன் இதே மாதிரி ஒரு பனியில் கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஓட்டிக்கொண்டே போய்த் திரும்பாதவன். தனபாக்கியம் அன்றைக்குப் பூங்காவனத்தின் வாசலில் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தாள்.

தேங்காய் உடைத்த பிறகு எதுவும் ஒருவருடையதாக இருக்காது அல்லவா? அது ஊருடையதாகிவிட்டது.

படகுக்காரர்கள் திசை காட்டும் பெட்டிகளைப் பரணில் தூக்கிப் போட்டார்கள். பெரிய நாட்டார் கலிவரதன், ஊருக்கு நல்லது கெட்டது சொல்கிறவர், கோயில் முன்னால் கட்டுப்பாடு போட்டார். பூங்காவனத்தோடு யாரும் சண்டை போடக் கூடாது, ஏனென்றால் அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் ஓடுகிறது, சத்தம் ஓடினால் வலை இழுக்கிறவன் இடுப்பு ஒடிகிறது. துக்கச் செய்தி எதையும் அவளிடம் சொல்லக் கூடாது. தேசிங்கு கடலுக்குப் போகக் கூடாது, போனால் அவள் கவலைப்படுவாள். அவள் ஓடக் கூடாது, சிரித்து உருளக் கூடாது, பேய்ப் படம் பார்க்கவே கூடாது. கீரைதான் மாத்திரைக்குப் பகை என்று தெரிந்ததும் கீரைக்காரியை ஊர் எல்லையிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதுவும் போதாதென்று, காற்றில் ஒரு இலை பறந்து வந்து அவள் குழம்பில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று யாரோ கேட்க, ஒரே நாளில் சிப்பிமேட்டின் முருங்கை மரங்கள் அத்தனையையும் வெட்டிச் சாய்த்தார்கள். அந்த ஆடியில்தான், ஊர் தோன்றின நாளிலிருந்து நடக்காத காரியமாக, கெங்கையம்மனுக்கு முருங்கைக்கீரை இல்லாமல் வெறுங்கருவாட்டோடு கூழ் ஊற்றினார்கள். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒருவேளை சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாளோ என்னவோ.

பூங்காவனத்துக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், தெருவில் போனால் ஆண்கள்கூட ஒதுங்கி வழி விடுவது யாருக்குத்தான் பிடிக்காது! ஆனால் நாள் ஆக ஆக அவளுக்கு நெஞ்சுக்குள் என்னென்னவோ தேங்க ஆரம்பித்தது. காவேரிக்குக் கரு கலைந்து போனதை ஊரே சேர்ந்து அவளிடமிருந்து மறைத்து, தீபாவளிக்கு மகள் மெலிந்து வந்து நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அவள் அழ ஆரம்பித்த மாத்திரத்தில் சத்தம் தாறுமாறாக ஓட, தெருவிலிருந்து ஆட்கள் வந்து, "அழாதம்மா, வலை கடல்ல கெடக்குது" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவள் அழுகையை விழுங்கிக்கொண்டாள். பெற்ற மகளுக்காக அழக்கூட ஊரிடம் உத்தரவு கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்ததும் சத்தம் ஏறியது, ஏறியதும் அவளே அதை இறக்கினாள்.

இதற்குள் ஓடு ஏறிக்கொண்டே வந்தது. மணிக்கட்டு மடங்கவில்லை, மீன் ஆய்வது நின்றுபோய், எதிர்வீட்டிலிருந்து தனபாக்கியம்தான் குழம்பு வைத்து எடுத்துவந்தாள். இடது கால் விரல்கள் இரண்டு சில்லிட்டுக் கறுத்தன. டாக்டர் நூர்நிஷா இந்த முறை படத்தை மாட்டவேயில்லை.

"இரும்புக் கதவ எடுத்துட்டு, மாட்டு நெஞ்சுச் சவ்வுல செஞ்ச கதவு வைக்கலாம்" என்றார். "அதுக்குக் கொஞ்ச மாசம்தான் மாத்திரை. அப்புறம் நிறுத்திடலாம். படிஞ்ச சுண்ணாம்பு போகாது, மேல ஏறாம இருக்கும். குழாய் இப்படி இருக்கறப்ப ஆபரேஷன் ஆபத்துதான், இல்லேன்னு சொல்லல. தள்ளிப்போட்டா அதுகூட முடியாது."

"சத்தம்?" என்று கேட்டான் தேசிங்கு.

"சவ்வுக் கதவு சத்தம் போடாது."

இது ஊருக்குத் தெரிந்த அன்று கோயில் முன்னால் கூட்டம் கூடியது. கலிவரதன் கெட்டவர் இல்லை, பூங்காவனத்தைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர், அவளுக்கு ஒன்று என்றால் முதலில் வண்டி பிடிக்கிறவர். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேணாங்கல தங்கச்சி. இப்ப மீன் ஓடற காலம், அடுத்தாப்புல பனி. பனிக்காலத்துல சத்தம் இல்லாம எத்தினி வூட்டு ஆம்பளைய அனுப்பறது? தை பொறந்தா வழி பொறக்கும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். வழி பிறக்கப்போவது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. பூங்காவனம் கேட்க வாயெடுத்தாள், சத்தம் எகிறியது, கூட்டமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தக் கூட்டத்திலிருந்து வீட்டுக்குப் போன தனபாக்கியத்துக்கு உறக்கம் கொள்ளவில்லை. தம்பி பெண்டாட்டியின் கறுத்த விரல்கள் ஒரு பக்கம், கடலில் இருக்கும் மகன் ஒரு பக்கம். டாக்டர் அறையில் அவளும்தானே இருந்தாள்? கீரையில் உள்ள சத்து சுண்ணாம்பைப் படிய விடாமல் காவல் காக்கும் என்று டாக்டரம்மாவே வாயால் சொன்னாரே! அவர் சொன்னதில் பாதியைக் காது வாங்கியது, பாதியை ஆசை விழுங்கியது. ஓடும் இளக வேண்டும், சத்தமும் இருக்க வேண்டும், மார்பைப் பிளக்கவும் வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து முருங்கைக்கீரை என்று அவளாக முடிவு கட்டினாள். உள்நாட்டு ஊர்களுக்கு மீன் கூடை தூக்கிப் போகிறவள், விற்றுவிட்டுத் திரும்பும்போது கூடைக்கடியில் துணி விரித்துக் கீரை மறைத்துக் கொண்டுவந்தாள். நிழலில் உலர்த்தி, மாவாக இடித்து, பூங்காவனத்துக்குக் கொண்டுபோகிற குழம்பில் முதலில் ஒரு சிட்டிகை, பிறகு ஒரு கரண்டி, மார்கழி முழுக்கத் தினம் தினம் கலக்கினாள்.

"இன்னா அண்ணி, குழம்பு பச்ச வாடை அடிக்குது?"

"கொத்தமல்லிடி. தின்னு."

மாத்திரையும் தினம் உள்ளே போனது, கீரையும் தினம் உள்ளே போனது. இரண்டும் பூங்காவனத்தின் உடம்புக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்ததை அவள் அறியவில்லை.

தை பிறந்தது. கூடவே பனியும் பிறந்தது. விடியும் முன்பே படகுகள் போய்விட்டிருந்தன, முருகையனும் போயிருந்தான். பொழுது கிளம்பியும் கிளம்பாத மாதிரி வானமும் கடலும் மணலும் ஒரே வெள்ளையாக, கை நீட்டினால் கை தெரியாமல் கிடந்தது. கரையில் நின்ற பெண்கள் யாரும் பயப்படவில்லை. சத்தம்தான் இருக்கிறதே என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் கவனித்தது தனபாக்கியம். டொக்கென்று விழ வேண்டிய சத்தம் தொப்பென்று விழுந்தது. துணி சுற்றிய உலக்கை மாதிரி, தொப், தொப். பிறகு அதுவும் தேய்ந்தது. பேச்சு நின்றது. கடலுக்குள் எங்கோ ஒரு படகின் எஞ்சின் உறுமல் தெற்கே போய், தடுமாறி, வடக்கே திரும்பி, தூரத் தூரமாகப் போனது.

தனபாக்கியம் ஓடினாள். தெருவில் விழுந்து எழுந்து ஓடினாள். வீட்டுக்குள் பூங்காவனம் சுவரில் சாய்ந்து, உதடு நீலம் பாரித்து, மூச்சைக் கைப்பிடி கைப்பிடியாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். தேசிங்கு போனை ஸ்பீக்கரில் போட்டு டாக்டரிடம் கத்திக்கொண்டிருந்தான்.

"சத்தம் மங்கிடுச்சா? கதவுல ரத்தம் கட்டிடுச்சுப்பா! எத்தனை வேளை மாத்திரை விட்டாங்க?"

"ஒரு வேளைகூட விடல டாக்டரம்மா!"

"கீரை ஏதாச்சும் சாப்பிட்டாங்களா?"

தனபாக்கியம் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள். "நான்தாண்டா தம்பி. நான்தான் போட்டேன். குழம்புல. ஓடு கரையும்னு போட்டேன்" என்று மண்ணில் அறைந்துகொண்டாள். தேசிங்கு அவளைப் பார்த்த பார்வையை அவள் சாகும்வரை மறக்கப்போவதில்லை. போனில் டாக்டர், இந்த நிமிஷமே கிளம்புங்கள், கதவு முழுக்க மூடிக்கொண்டால் முடிந்தது, நான் எல்லாம் தயாராக வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

வேன் வந்தது. பூங்காவனத்தைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். கிளம்பவில்லை. வேனுக்கு முன்னால் ஊர் நின்றது. அடிக்கவோ தடுக்கவோ நின்ற மாதிரி இல்லை, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. கலிவரதன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, படகு பூராவும் உள்ள இருக்குது. மங்கலோ கிங்கலோ, கரையில இருக்கறது இந்தச் சத்தம் ஒண்ணுதான். நீ மேற்கால போயிட்டா பசங்க எதப் புடிச்சு வருவானுங்க? பனி விலகட்டும், கொஞ்ச நேரம்தான்."

"கொஞ்ச நேரம் தாங்காது நாட்டாரே!" என்று தேசிங்கு கும்பிட்டான்.

எல்லோரும் பூங்காவனத்தைப் பார்த்தார்கள். ஒரு வருஷமாக இந்த ஊருக்காகக் கோபத்தை விழுங்கியவள், அழுகையை விழுங்கியவள், இதையும் விழுங்கிவிடுவாள் என்று எதிர்பார்த்தார்கள் போலும். அவள் தலையைத் திருப்பி ஜன்னல் வழியாக நாத்தனாரைத் தேடினாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கியது.

"அண்ணி. உம்புள்ள... கடல்ல இருக்கான். தெரியும். ஆனா... நான் பொழைக்கணும் அண்ணி."

அவ்வளவுதான் சொன்னாள். பனிக்குள் எஞ்சின் இன்னும் தூரத்தில் முனகியது, அது யார் படகு என்று யாருக்குத் தெரியும்? தனபாக்கியம் எழுந்தாள். ஒரு கண் மகன், ஒரு கண் தம்பி பெண்டாட்டி என்றால் எந்தக் கண்ணைப் பொத்துவது என்று அந்த நேரம் அவள் பட்ட பாடு பகையாளிக்கும் வேண்டாம். அவள் தன் வீட்டுக்குள் போனாள். கீரை இடித்த உரலையே வாசலுக்கு உருட்டி வந்தாள், உலக்கையைத் தூக்கினாள், போட்டாள். டொக்.

"ஒரு வருசம் கேட்டமே" என்றாள், இன்னொரு முறை போட்டுக்கொண்டே. "தின்னும்போது கேட்டோம், தூங்கும்போது கேட்டோம். நம்ம கைக்கு வராதா? வழி வுடுங்க நாட்டாரே. தம்பி, வண்டிய எடுக்கச் சொல்லுடா!"

டொக், டொக், டொக். அது நோயாளிச் சத்தம் இல்லை. ஆடி மாதத்தில், காற்று நன்றாக இருந்து, மனசிலும் ஒன்றும் இல்லாத ஒரு நாளில் பூங்காவனத்தின் நெஞ்சு எப்படி அடித்ததோ அப்படியே, ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி அம்மிக்குழவியைத் தூக்கினாள். கரைவலைக்காரர்கள் துடுப்பை எடுத்துக் கவிழ்ந்து கிடந்த படகின் முதுகில் போட்டார்கள். தகர டின், எண்ணெய் பீப்பாய், கோயில் பம்பை, கதவு, கட்டில் கால், எவர் கையில் எது அகப்பட்டதோ அது, சிப்பிமேடு முழுவதும் ஒரே நேரத்தில் விழுந்து ஒரே நேரத்தில் எழுந்தது. கலிவரதன் ஜன்னலை விட்டார். கீழே கிடந்த இரண்டு கொட்டாங்கச்சியைப் பொறுக்கிக்கொண்டு, வேனுக்கு வழிவிட்டு நின்று, அவரும் அடித்தார்.

வேன் மேற்கே போனது. பூங்காவனம் கண்ணை மூடியபடி அதைக் கேட்டாள். தனக்குள் வழுக்கி வழுக்கிப் போகும் கதவை விட்டுவிட்டு வெளியே கேட்கிற தன் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சு விட்டாள், அது நெடுஞ்சாலை வரைக்கும் கூடவே வந்தது.

படகுகள் உச்சிப்பொழுதுக்கு வந்தன. ஒன்றும் குறையவில்லை. முருகையன் மணலில் குதித்து, "இன்னைக்கு அத்தை சத்தம் ஊர் அகலத்துக்குக் கேட்டுது!" என்று சிரித்துக்கொண்டே வந்தவன், வியர்வை வழிய இடித்துக்கொண்டிருந்த தாயைப் பார்த்து நின்றான். "அத்தை எங்க?" என்றான். இடித்துக்கொண்டே ஒருத்தி தலையால் மேற்கைக் காட்டினாள். யாரும் நிறுத்தவில்லை. ஏனென்றால் படகு வந்து சேர்ந்த பிறகுதான் அவர்களுக்கு வேறொரு பயம் பிடித்தது: இங்கே இது விழ விழத்தான் அங்கே அது அடிக்கிறதோ? தன் கை நின்ற நேரம் அங்கே நின்றுவிட்டால்? அந்தப் பாவத்தைச் சுமக்க எவருக்கும் தைரியம் இல்லை. முருகையன் தாயின் கையிலிருந்து உலக்கையை வாங்கித் தாளம் தப்பாமல் தொடர்ந்தான்.

தேசிங்கு போன் பண்ணினான். ஆபரேஷன் ஆகிவிட்டது, இரண்டு கால் விரல்களை எடுத்துவிட்டார்கள், உயிருக்குப் பயமில்லை என்றான். சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். சத்தமே இல்லை என்றான். ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. சத்தம் இல்லாத நெஞ்சை எப்படி நம்புவது? அடுத்த மாதம் பூங்காவனமே போனில் பேசினாள். குரலை எந்தப் பெட்டியிலும் அடைக்கலாம், நாடியை அடைக்க முடியுமா என்று கலிவரதன் தலையை ஆட்டிவிட்டார். ஆகவே முறை வைத்துக்கொண்டு இடித்தார்கள். மாசி போய்ப் பங்குனி போய்ச் சித்திரை வெயிலிலும் இடித்தார்கள். கை காய்த்து, தோள் இறங்கி, அந்த இடியிலேயே கல்யாணம் பேசி, அந்த இடியிலேயே பிள்ளை பெற்றார்கள். தனபாக்கியம் மட்டும் தன் முறை முடிந்தாலும் உலக்கையைக் கொடுக்க மாட்டாள்.

பூங்காவனம் ஓசூரில் மகள் வீட்டில் இருந்து, மாத்திரையை நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் நாள் பார்த்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். முன்பெல்லாம் அவள் வருவது அரை மைலுக்கு முன்பே தெரியும். இப்போது இடது காலைச் சற்றுத் தாங்கித் தாங்கி நடந்து அவள் தெருவுக்குள் வந்தபோது ஒரு நாய்கூடத் திரும்பவில்லை. கோயில் முன்னால் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. ஊர் இடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வாசலில், கை இரண்டிலும் துணி சுற்றிக்கொண்டு, பாதி உடம்பாகிப் போன தனபாக்கியம் கண்ணை மூடியபடி உலக்கை போட்டுக்கொண்டிருந்தாள்.

பூங்காவனம் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுகையைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. ஒன்றரை வருஷத்துக் கோபம்.

"நிறுத்துடி!"

உலக்கை பாதியில் நின்றது. இறங்கவில்லை.

"எல்லாரும் நிறுத்துங்க! காது வலிக்குது! மனுசி உயிரோட இருக்கான்னு போன்ல சொன்னா நம்ப மாட்டீங்களா? கீரைய அரைச்சு ஊத்தி என்னக் கொல்லப் பாத்தவளே, கொத்தமல்லின்னு சொன்னியேடி! நாட்டாரே, உங்களத்தான், எம்பொண்ணுக்குப் புள்ள தங்காமப் போச்சே, என்ன அழ வுட்டீங்களா நீங்க?"

இப்படித் தெருவில் நின்று நல்லதும் கெட்டதுமாக அவள் கத்திய கத்தலுக்குத் தெருக்கோடி வரை ஆட்கள் வெளியே வந்தார்கள். அம்மிக்குழவி நின்றது, துடுப்பு நின்றது, பம்பை நின்றது, கலிவரதனின் கொட்டாங்கச்சி கடைசியாக நின்றது. கடலின் இரைச்சல் வெகுகாலம் கழித்து ஊருக்குள் வந்தது. அவள் அவ்வளவு கத்தியும் யாருடைய இடுப்பும் ஒடியவில்லை, யாருடைய வலையும் திமிறவில்லை. கலிவரதன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"கூழுக்குக் கீரை எங்க?" என்றாள் பூங்காவனம், மூச்சு வாங்கிக்கொண்டு.

அவளே போனாள். வெட்டிப்போட்ட முருங்கைக் கட்டைகளில், யாரும் திரும்பிப் பார்க்காத காலத்தில், ஆள் உயரத்துக்குத் துளிர் எழும்பியிருந்தது. மடங்காத மணிக்கட்டோடு கை நிறைய உருவி எடுத்து வந்து முறத்தில் போட்டாள்.

"ஆயறதுக்குக் கை வராது. வா அண்ணி" என்றாள்.

தனபாக்கியம் அசையவில்லை. உலக்கையைக் கீழே வைக்கப் பயந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். பூங்காவனம் அதைப் பிடுங்கிச் சுவரில் சாத்தினாள். துணி சுற்றிய அந்தக் கைகளைப் பிடித்து இழுத்து, நாத்தனாரின் தலையைத் தன் மார்பில் வைத்து அழுத்தினாள். முதலில் தனபாக்கியத்துக்குத் தன் அழுகைதான் கேட்டது. பிறகு அதுவும் ஓய்ந்தபின், ரவிக்கைக்கும் தழும்புக்கும் அடியில், வெகு ஆழத்தில், ஈர மணலில் பாதம் பதிகிற அளவுக்கு ஒரு சத்தம் இருந்தது.

"கேக்குதா அண்ணி?"

"கேக்குதுடி."

"யாருகிட்டயும் சொல்லாத."